ஒரு கமாவும் 45 பெட்டிக் கறித்தூளும்

பணம் போன கதையை வெளியில் சொல்ல யாருக்கும் மனம் வராது. நானும் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ வாங்கிக்கொண்டு நின்றபோது, வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் ஒரு தங்கை என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “அக்கா, போத்தல் சப்ளையருக்கு ஈமெயில் எழுதியிருக்கேன், இங்கிலீஷ் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். படித்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. 2023-இல் நான் எழுதிய அதே மாதிரி வாக்கியம், அதே இடத்தில் அதே கமா. அவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினேன். அன்று எனக்கு அப்படி விளக்க யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சின்ன அளவில் கறித்தூள் தொழில் செய்கிறேன். அம்மாவின் கைப்பக்குவம். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு எல்லாம் எங்கள் வீட்டு அளவுப்படி பட்டர்வொர்த்தில் ஒரு மாவு மில்லில் அரைத்து, 250 கிராம் பாக்கெட்டாகக் கட்டி, பெட்டிக்கு 24 பாக்கெட் அடுக்குவோம். வீட்டில் வைக்க இடம் போதாமல், பிறை என்ற ஊரில் ஒரு தனியார் கிடங்கில் மாதம் 240 ரிங்கிட் வாடகைக்குப் பெட்டி அடுக்கும் தட்டு எடுத்திருந்தேன். கணவருக்கு அப்போது ஜொகூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். மகன் படிவம் 4. கணக்கு, கொள்முதல், வாடிக்கையாளர், ஈமெயில் எல்லாமே நான் ஒருத்திதான். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போய், பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத்தில் தேறியவள். பேசுவேன், எழுதுவேன், யாரிடமும் திக்கி நின்றதில்லை. என் ஆங்கிலம் போதும் என்றுதான் நம்பியிருந்தேன்.

2023 அக்டோபர் தொடக்கத்தில் கிடங்கில் என் பெயரில் 62 பெட்டிகள் இருந்தன. அதில் 17 பெட்டி முந்தைய வருடம் அரைத்தது, செப்டம்பரோடு தேதி முடிந்துவிட்டது. மீதி 45 பெட்டியும் தீபாவளிக்காகப் புதிதாக அரைத்த சரக்கு. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 12. பழையதை எடுத்துப் போட்டுவிட்டால் புதிய சரக்கு பக்கம் கை தவறிப் பழசு போய்விடாது என்பது என் எண்ணம். அக்டோபர் 4, புதன்கிழமை இரவு, அடுப்படி வேலை எல்லாம் முடித்து பத்தரை மணிக்குக் கிடங்குக்கு ஒரு ஈமெயில் எழுதினேன். எழுதிய வாக்கியம் இன்னும் மனப்பாடம்: “ப்ளீஸ் டிஸ்போஸ் ஆஃப் த கார்ட்டன்ஸ், விச் ஹேவ் எக்ஸ்பையர்ட், பை ஃப்ரைடே.” காலாவதியான பெட்டிகளை வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னதாக என் நினைப்பு.

முதலில் நான் கமா போடவே இல்லை. ‘விச்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு நீலக் கோடு வந்தது. எழுத்துப் பிழை பார்க்கும் வசதி ஏதோ தவறு இருக்கிறது என்று காட்டியது. அழுத்தினேன். முன்னால் ஒரு கமா போடு என்றது. சரி என்று அழுத்தினேன், கமா வந்தது, நீலக் கோடு போனது. பார்க்க அழகாக இருக்க, பின்னாலும் ஒன்று நானே போட்டேன். பள்ளியில்கூட ‘விச்’ வந்தால் முன்னால் காற்புள்ளி என்று ஒப்பித்த ஞாபகம். மறுநாள் காலை கிடங்கிலிருந்து பதில்: குறித்துக்கொண்டோம், சொன்னபடி பெட்டிகளை அப்புறப்படுத்துகிறோம். எத்தனை பெட்டி என்று அவர்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ‘ஓகே, தேங்க் யூ’ என்று அனுப்பிவிட்டு மில்லுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை, அக்டோபர் 9. சுங்கை பட்டாணியில் ஒரு கடைக்கு 30 பெட்டி போக வேண்டும். லோரித் தம்பி கிடங்கிலிருந்து கூப்பிட்டார். “அக்கா, உங்க தட்டுல ஒண்ணுமே இல்ல. வேற இடத்துக்கு மாத்திட்டாங்களா?” என்றார். பக்கத்துத் தட்டைப் பாருங்கள் தம்பி என்றேன். பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். பாலத்தைத் தாண்டிப் பிறைக்குப் போகும் வழியெல்லாம் வேறு எங்கோ நகர்த்தி வைத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் என் தட்டு பெருக்கித் துடைத்துக் கிடந்தது. மரப்பலகை இடுக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. அந்த மல்லி வாசனை அப்படியே இருந்தது. அதை முகர்ந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அம்மா ஆறு நாள் முற்றத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிய மல்லி அது.

அலுவலகத்தில் என் ஈமெயிலை அச்செடுத்து வைத்திருந்தார்கள். மேலாளர் குரல் உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். மஞ்சள் மையால் கோடு போட்டிருந்த வரியில் விரலை வைத்து, “பெட்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். அவை காலாவதியாகிவிட்டன என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் இருந்தது 62. அறுபத்திரண்டையும் அனுப்பிவிட்டோம்” என்றார். காலாவதியான பெட்டிகளைத்தான் சொன்னேன் என்று நான் சொல்ல, அவர் மறுபடி அதே வரியைக் காட்ட, அரை மணி நேரம் இப்படியே போனது. பெட்டி மேல் தேதி அச்சடித்திருக்கிறதே, ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். சரக்கைச் சோதிப்பது எங்கள் வேலை இல்லை, எழுத்தில் வரும் உத்தரவைச் செய்வதுதான் எங்கள் வேலை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த வரியை அவர் படித்த விதம் தவறில்லை என்று தெரிய எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டிக்கு எனக்கு அடக்கம் 135 ரிங்கிட். நல்ல சரக்கு 45 பெட்டி, ஆக 6,075. அப்புறப்படுத்தும் கூலி பெட்டிக்கு 6 ரிங்கிட், வீணாகப் போன 45-க்கு 270. தீபாவளிக்குள் மறுபடி அரைக்க மில்லில் இரவு வேலை போட்டதற்கு 900. வழக்கறிஞரைப் பார்த்ததற்கு 350. மொத்தம் 7,595 ரிங்கிட். கிடங்குக்காரர்கள் பிறகு மனம் இறங்கி இரண்டு மாத வாடகை 480-ஐத் தள்ளுபடி செய்தார்கள். அதைக் கழித்தால் 7,115. என் தொழிலில் அது மூன்று மாத வருமானம். சுங்கை பட்டாணிக் கடைக்காரர் பத்து நாள் பொறுத்தார், வேறு ஒருவர் பொறுக்கவில்லை. கணவரிடம் தீபாவளி முடியும்வரை சொல்லவில்லை. மகனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன மடிக்கணினியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன், காரணம் சொல்லாமல். அவன் முகம் வாடியது இந்தக் கணக்கில் எங்கும் சேராது.

வழக்கறிஞர் முழு ஒப்பந்தத்தையும் படித்தார். நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்றுதான் முதலில் கேட்டேன். ஐந்து ரிங்கிட் கட்டி மனுக் கொடுக்கலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கு, தொழிலுக்காகக் கிடங்கு எடுத்த உங்களுக்கு இல்லை என்றார். நீதிமன்றத்துக்குப் போனால் சூழ்நிலையைச் சொல்லி வாதாடலாம், ஆனால் எழுத்து அவர்கள் பக்கம் நிற்கிறது, செலவு இழப்பைத் தாண்டிவிடும் என்றார். ஒரு கமாவுக்கா இவ்வளவு என்று நான் கேட்டபோது அவர் சொன்னது மறக்கவில்லை. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் லோரி ஓட்டுநர்கள் மிகைநேரச் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். சட்டத்தில் எந்தெந்த வேலைக்கு மிகைநேரச் சம்பளம் இல்லை என்ற பட்டியலில் ஓர் இடத்தில் கமா இல்லை. அதனால் பொருள் இரண்டு விதமாகப் போகிறது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் நிறுவனம் 5 மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. அது பட்டியலில் வரும் கமா, என்னுடையது வேறு வகை. ஆனாலும் எழுத்தில் ஒரு புள்ளிக்கு உள்ள கனம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

என் கண்ணைத் திறந்தவர் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் இருக்கும் சார். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த அச்சுத்தாளைக் கொடுத்தேன். படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உனக்கு எத்தனை அக்காம்மா?” என்றார். மூன்று என்றேன். “ஈப்போ அக்கா வர்றாங்கன்னு இங்கிலீஷ்ல எழுது” என்றார். ‘மை சிஸ்டர், ஹூ லிவ்ஸ் இன் ஈப்போ, இஸ் கமிங்’ என்று இரண்டு பக்கமும் கமா போட்டு எழுதினேன். “இதைப் படிக்கிறவன் உனக்கு ஒரே ஒரு அக்காதான்னு நினைப்பான். அவங்க ஈப்போவுல இருக்காங்கங்கிறது சும்மா கூடச் சொன்ன சேதி. கமாவை எடுத்துப் பாரு. மூணு பேர்ல ஈப்போவுல இருக்கிறவங்கன்னு ஆயிடும்” என்றார். கமாவை எடுத்துப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. 62 பெட்டி எப்படிப் போனது என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ போட்டு வரும் துண்டு இரண்டு வேலையில் ஒன்றைச் செய்யும். ஒன்று, பல பேரில் இவர், பல பொருளில் இது என்று பிரித்து எடுத்துக் காட்டும். ஆங்கிலத்தில் இதை ரெஸ்ட்ரிக்டிவ் என்பார்கள், எந்தப் பொருள் என்பதை இறுக்கிக் கட்டுகிறது என்று அர்த்தம். இதற்குக் கமா கிடையாது. இன்னொன்று, எந்தப் பொருள் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதைப் பற்றிக் கூடுதலாக ஒரு சேதி சொல்கிறது. அதற்கு முன்னும் பின்னும் கமா வேண்டும். என் வாக்கியத்தில் 62-லிருந்து 17-ஐப் பிரிக்க வேண்டிய துண்டைக் கமா இரண்டும் வெளியே தள்ளிவிட்டன. உள்ளே மிஞ்சியது ‘பெட்டிகளை வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்துங்கள்’ என்பதுதான். காலாவதியானது என்ற சேதி அத்தனை பெட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. சார் தன் ஆள்காட்டி விரலால் கமாவுக்கு நடுவில் இருந்ததை மூடிவிட்டு, “இப்பப் படிம்மா” என்றார். படிக்க முடியவில்லை.

அந்த விரல் சோதனையை நான் இன்றும் விடுவதில்லை. துண்டை மூடிவிட்டு மீதியைப் படியுங்கள். மீதியை அப்படியே செய்தால் நஷ்டம் வருமா? வரும் என்றால் அந்தத் துண்டு பிரித்துக் காட்டும் துண்டு, கமா கூடாது. இன்னொரு சோதனையை நானே கண்டுபிடித்தேன், நம் மொழியிலிருந்து. சொல்ல வருவதைத் தமிழில் சொல்லிப் பார்த்து ‘மட்டும்’ சேர்த்துப் பாருங்கள். ‘காலாவதியான பெட்டிகளை மட்டும்’ பொருந்துகிறதா? பொருந்தினால் கமா இல்லை. ‘மட்டும்’ பொருந்தாமல், ‘அதெல்லாமே காலாவதியாயிடுச்சு, தெரியுமில்ல’ என்று பக்கத்தில் ஒட்டிச் சொல்லத் தோன்றினால் கமா போடுங்கள். ‘எந்தப் பெட்டி?’ என்ற கேள்விக்கு அந்தத் துண்டு பதில் சொல்கிறதா என்றும் கேட்கலாம். எனக்கு ‘மட்டும்’தான் சுலபம்.

நாம் ஏன் இதில் இடறுகிறோம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஆங்கிலம் குறைவாகப் படித்ததால் மட்டும் இல்லை. தமிழில் இந்த வேலையைப் பெயரெச்சம் செய்கிறது. ‘காலாவதியான பெட்டி’, ‘நேற்று வந்த பையன்’. அது பெயருக்கு முன்னால் வரும், நடுவில் கமாவுக்கே இடமில்லை. ‘ஈப்போவில் இருக்கும் அக்கா’ என்றால் அக்கா ஒருவரா மூவரா என்பது கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்வார். சொல்கிறவர் அதைக் குறி போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மலாயில் ‘யாங்’ இருக்கிறது. ஆளுக்கும் பொருளுக்கும் அந்த ஒரே சொல்தான். ‘கோத்தாக் யாங் சுடா லுப்புட்’ என்று நான் மலாயில் எழுதியிருந்தால், யாருக்கும் கமா போடத் தோன்றியிருக்காது, 17 பெட்டிதான் போயிருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் தொழில் பெரிதாகத் தெரியும் என்று நினைத்துத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. கிடங்கில் இருந்தவர்கள் மலாய் நன்றாகத் தெரிந்தவர்கள்.

பெயரெச்சம் இன்னொரு விதத்திலும் நம்மைப் பழக்கிவிட்டிருக்கிறது. நன்னூல், பெயரெச்சம் ஆறு வகைப் பெயரைக் கொண்டு முடியும் என்கிறது: செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். என் தொழிலிலேயே சொல்கிறேன். அரைத்த ஆள், அரைத்த மெஷின், அரைத்த மில், அரைத்த வேலை, அரைத்த நாள், அரைத்த தூள். ‘அரைத்த’ என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் போதும், உறவு என்ன என்பது நமக்குத் தானாகப் புரியும். ஆங்கிலம் அப்படி விடாது. ஆளுக்கு ‘ஹூ’, தூளுக்கு ‘தட்’ அல்லது ‘விச்’, மில்லுக்கு ‘வேர்’, நாளுக்கு ‘வென்’. மெஷினுக்குத்தான் தொல்லை. ‘த மெஷின் தட் வி கிரைண்ட் த பவுடர்’ என்று நிறுத்தினால் குறை. கடைசியில் ‘வித்’ வேண்டும், அல்லது ‘வித் விச்’ என்று முன்னால் கொண்டுவர வேண்டும். நான் பல வருடம் அந்த ‘வித்’ இல்லாமல்தான் எழுதினேன். அதற்கு நேர்மாறாக, வேண்டாத இடத்தில் ஒன்றைக் கூட்டுவதும் உண்டு: ‘த கஸ்டமர் ஹூ ஐ மெட் ஹிம்’. அந்த ‘ஹிம்’ வேண்டாம், ‘ஹூ’வே அவரைக் குறித்துவிட்டது. பேச்சில் ‘த கஸ்டமர் ஐ மெட்’ என்று ‘ஹூ’வையும் விட்டுவிடலாம். சந்தித்தவர் நான் என்பதால் அங்கே விட முடிகிறது. ‘த கஸ்டமர் ஹூ கேம்’ என்பதில் வந்தவரே அவர், அங்கே ‘ஹூ’வை எடுக்க முடியாது.

‘தட்’, ‘விச்’ விஷயத்தில் எனக்குப் பெரிய குழப்பம் இருந்தது. சார் சொன்னதைக் கேட்டதும் தெளிந்தது. பிரித்துக் காட்டும் துண்டுக்கு இரண்டும் வரலாம். அமெரிக்கர்கள் ‘தட்’ போடத்தான் விரும்புவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் கமா இல்லாத ‘விச்’சும் சரிதான். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் வழக்கு. அந்த நீலக் கோடு அமெரிக்க வழக்கப்படி, ஒன்று ‘தட்’ என்று மாற்று, இல்லையென்றால் கமா போடு என்கிறது. நான் என்ன சொல்ல வந்தேன் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு வழியில் எனக்கு அழிவு வரும் வழியை நான் அழுத்தினேன். கூடுதல் சேதி சொல்லும் துண்டில் ‘தட்’ வராது. அதனால் நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘தட்’, கமா இல்லை. ‘தட்’டுக்கு முன்னால் கமா போடக் கை தானாகவே வராது. ஆட்களைச் சொல்லும்போது ‘ஹூ’தான் வரும், அங்கே இந்தப் பாதுகாப்பு இல்லை, கமாவை மட்டும்தான் நம்ப வேண்டும். ‘கஸ்டமர்ஸ், ஹூ ஹேவ் பெய்ட், வில் கெட் எ டிஸ்கவுண்ட்’ என்று கமா போட்டால் எல்லாரும் பணம் கட்டிவிட்டதாகவும் எல்லாருக்கும் கழிவு உண்டு என்றும் ஆகிவிடும். கடையில் அறிவிப்பு ஒட்டுகிறவர்கள் இதை இரண்டு தடவை பாருங்கள்.

பெயர் சொல்லிவிட்ட பொருளுக்குக் கமா வரும், ஏனென்றால் அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை. மகனுக்கு இதை நம் பாலத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இரண்டு பாலம் இருக்கிறது. ஒன்று 1985-இல் திறந்தது, மற்றது 2014-இல். லோரிக்காரரிடம் ‘டேக் த பிரிட்ஜ் தட் ஓப்பன்ட் இன் 2014’ என்றால் இரண்டில் எது என்று சொல்லியாகிவிட்டது, கமா இல்லை. ‘பினாங்கு பிரிட்ஜ், விச் ஓப்பன்ட் இன் 1985, இஸ் ஜாம்ட்’ என்றால் பெயரே எது என்று சொல்லிவிட்டது, வருடம் கூடுதல் சேதி, கமா உண்டு. அவன் உடனே பிடித்துக்கொண்டான். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆனது.

கமாவைச் சரியாக வைத்தும் ஒருமுறை தப்பு நடக்கப் பார்த்தது. போன வருடம் லேபல் அச்சடிப்பவருக்கு, ‘த லேபல்ஸ் ஆன் த பாக்கெட்ஸ் தட் ஆர் டோர்ன்’ மாற்ற வேண்டும் என்று எழுதினேன். கிழிந்தது லேபலா பாக்கெட்டா? நான் நினைத்தது லேபலை. அச்சகப் பெண் பாக்கெட் கிழிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, புது பாக்கெட்டுக்கும் சேர்த்து விலை அனுப்பினார். விலையைப் பார்த்ததால் பிழைத்தேன். ஆங்கிலத்தில் இந்தத் துண்டு பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். தமிழில் ‘கிழிந்த லேபல்’ என்று பெயரெச்சத்தை எதன் முன்னால் வைக்கிறோமோ அதைத்தான் அது சேரும். ஆங்கிலத்தில் பின்னால் அதே மாதிரி ஒட்டி வைக்க வேண்டும். நடுவில் வேறு பெயர் புகுந்தால் வாக்கியத்தை உடைத்து இரண்டாக எழுதிவிடுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இலக்கணம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பணமோ சரக்கோ சம்பந்தப்பட்ட ஈமெயிலில் இலக்கணத்தை மட்டும் நம்பி நான் இப்போது ஒன்றும் எழுதுவதில்லை. எத்தனை பெட்டி என்ற எண்ணை எழுதுகிறேன். எந்தத் தேதி அச்சடித்தது என்று எழுதுகிறேன். எதைத் தொடக் கூடாது என்பதைத் தனி வாக்கியமாக எழுதுகிறேன். ‘ப்ளீஸ் டிஸ்போஸ் ஆஃப் த 17 கார்ட்டன்ஸ் தட் எக்ஸ்பையர்ட் இன் செப்டம்பர் 2023. கீப் த அதர் 45.’ இந்த இரண்டாவது வாக்கியம் நான்கு சொல். அதை அன்று எழுதியிருந்தால் கமா எங்கே இருந்திருந்தாலும் என் சரக்கு இருந்திருக்கும். அவர்கள் ‘சொன்னபடி செய்கிறோம்’ என்று பதில் போட்டால், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை என்று திருப்பிக் கேட்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, நச்சரிக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று. இப்போது அவர்களே எண்ணிக்கை போட்டுத்தான் பதில் அனுப்புகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் எழுதியதை உடனே அனுப்புவதில்லை. காலையில் குளித்து, விளக்கு வைத்த பிறகு, விரலால் மூடிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

ஊறுகாய்த் தங்கையின் ஈமெயிலுக்கு வருகிறேன். அவருக்கு 600 போத்தல் வந்திருந்தது, அதில் 38 விரிசல். ‘ப்ளீஸ் டேக் பேக் த பாட்டில்ஸ், விச் ஆர் கிராக்ட்’ என்று எழுதி வைத்திருந்தார். பூக்கடை ஓரத்தில் நின்றபடியே விளக்க ஆரம்பித்து, பிறகு தே தாரேக் குடிக்க உட்கார்ந்துவிட்டோம். அவரையே விரலால் மூடிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். “அக்கா, அறுநூறையும்ல வந்து ஏத்திட்டுப் போயிருப்பாங்க! நாளன்னைக்கு எனக்கு மாங்கா வருது” என்றார். கமாவை எடுத்தோம், ‘தட்’ போட்டோம், 38 என்ற எண்ணைப் போட்டோம், மீதி 562 நல்லது, என்னிடமே இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். தே தாரேக் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: 38 போத்தல், வியாழக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்கிறோம்.